கடல் ஏறி இறங்குவதில் கரண்ட் எடுக்க முடியுமா? ஓர் எளிய கணக்கு

கொங்கு நாட்டுக்குக் கடல் கிடையாது. ஆனால் கரண்டைப் பற்றிய பேச்சு இங்கே ஓய்வதே இல்லை. சோமனூர் விசைத்தறிக்காரர், திருப்பூர் நிட்டிங் கம்பெனிக்காரர், கோவை ஃபவுண்டரிக்காரர் என யார் இரண்டு பேர் சந்தித்தாலும் பேச்சு மின்கட்டணத்தில் வந்து நிற்கும். அப்படிப்பட்ட பேச்சுகளில் அடிக்கடி எழும் கேள்வி இது: "ஏனுங்க, தமிழ்நாட்டுக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல கடற்கரை இருக்குது. கடல் தண்ணி தினமும் சும்மாதானே ஏறி எறங்குது? அதுல கரண்ட் எடுத்தா என்னங்க?"

நியாயமான கேள்வி. எடுக்க முடியும். பிரான்ஸில் 1966 முதல் எடுத்துக்கொண்டும் இருக்கிறார்கள். ஆனால் நம் கடலில் எடுத்தால் கட்டுப்படியாகாது. அங்கே ஆகிறது, இங்கே ஆகாது என்றால் அதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: கடல் எவ்வளவு உயரம் ஏறி இறங்குகிறது என்பது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கரையில் நிற்கும்போது காலில் வந்து மோதுவது அலை. அதைக் கிளப்புவது காற்று. நாம் இங்கே பேசுவது ஓதத்தைப் பற்றி. அதாவது கடலின் மட்டமே மெதுவாக மணிக்கணக்கில் உயர்ந்து, பிறகு மணிக்கணக்கில் தாழ்வதைப் பற்றி. அலையிலிருந்தும் மின்சாரம் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். கேரளத்தின் விழிஞ்ஞத்தில் 1991-இல் சென்னை ஐஐடி அமைத்த 150 கிலோவாட் சோதனை நிலையம் அந்த வகை. அது வேறு தொழில்நுட்பம், வேறு கதை.

ஓதத்தை உண்டாக்குவது முதன்மையாக நிலா. பூமியில் நிலாவை நோக்கிய பக்கத்தை அதன் ஈர்ப்பு சற்று அதிகமாக இழுக்கிறது. எதிர்ப்பக்கத்தைச் சற்றுக் குறைவாக இழுக்கிறது. இந்த வித்தியாசத்தால் கடல் இரண்டு பக்கமும் லேசாகப் புடைக்கிறது. பூமி சுழலும்போது ஒவ்வொரு கரையும் இந்தப் புடைப்புகளைக் கடந்து போகிறது. ஆகவே பெரும்பாலான கரைகளில் நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம். இதற்குள் நிலாவும் தன் பாதையில் நகர்ந்துவிடுவதால் நாளுக்கு 50 நிமிடம் தள்ளிப்போகிறது.

சூரியனும் இழுக்கிறது, நிலாவின் பலத்தில் பாதிக்கும் சற்றுக் குறைவு. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் சூரியன், நிலா, பூமி மூன்றும் ஏறத்தாழ ஒரே கோட்டில் வருவதால் இரண்டு இழுப்பும் சேர்ந்து ஏற்றம் பெரிதாகும். அஷ்டமியை ஒட்டி ஒன்றை ஒன்று குறைத்துக்கொள்ளும், ஏற்றம் சிறிதாகும். பவானி கூடுதுறையில் ஆடி அமாவாசைக்குக் கூட்டம் நெருக்கியடிக்கும் அந்த ஒன்றிரண்டு நாட்களில்தான் குஜராத்தின் கம்பாத் வளைகுடாவில் கடல் பெரிதாகப் பொங்கி வடியும். கூடுதுறையில் ஏன் தண்ணீர் ஏறுவதில்லை? மேட்டூர் ஏரியைக்கூட நிலா இழுக்கத்தான் செய்கிறது. ஆனால் ஏரியின் ஒரு முனையில் இருக்கும் இழுப்புக்கும் மறுமுனையில் இருக்கும் இழுப்புக்கும் வித்தியாசம் காண, நீர்ப்பரப்பு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் அகலமாக இருக்க வேண்டும். அது பெருங்கடலுக்கு மட்டும்தான் உண்டு.

இனி மின்சாரத்துக்கு வருவோம். இந்த இடத்தில் கொங்கு வாசகருக்கு ஒரு வசதி இருக்கிறது. ஓத மின்நிலையம் எப்படி இருக்கும் என்று பார்க்க பிரான்ஸுக்குப் போக வேண்டியதில்லை. மேட்டூருக்குக் கீழே காவிரியில் செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டை என்று வரிசையாகக் கதவணைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் 15 மெகாவாட் எந்திரம் இரண்டு. ஊராட்சிக்கோட்டையில் நின்று பார்த்தால் அணைக்கு மேற்பக்கம் ஆறு ததும்பி அசையாமல் நிற்கும்; கீழ்ப்பக்கம் பாறைகளுக்கு இடையில் தண்ணீர் சுழித்துக்கொண்டு போகும். இரண்டுக்கும் உயர வித்தியாசம் சில மீட்டர்தான். எந்திரம் கண்ணுக்குத் தெரியாது. ஜெனரேட்டரை நீர்புகாத கூட்டுக்குள் அடைத்து, முனையில் காற்றாடி போன்ற இறக்கைகளைப் பொருத்தி, தண்ணீர் போகும் குழாய்க்குள்ளேயே படுக்க வைத்திருப்பார்கள். இதற்குப் பெயர் பல்ப் டர்பைன். உயரம் குறைவாகவும் தண்ணீர் நிறையவும் இருக்கும் இடத்துக்கென்றே உருவான எந்திரம் இது. பிரான்ஸின் ரான்ஸ் ஆற்று முகத்துவாரத்தில், உலகின் முதல் பெரிய ஓத மின்நிலையத்தில் ஓடுவதும் இதே வகைதான். 10 மெகாவாட்டில் 24 எந்திரங்கள், மொத்தம் 240 மெகாவாட்.

வேலை செய்யும் விதத்திலும் பெரிய ரகசியம் இல்லை. முகத்துவாரத்தின் குறுக்கே கதவணை கட்டுகிறார்கள். கடல் ஏறும்போது கதவுகளைத் திறந்து உள்ளே தண்ணீரை விடுகிறார்கள். ஏற்றம் உச்சிக்கு வந்ததும் கதவை மூடுகிறார்கள். வெளியே கடல் இறங்கும் வரை காத்திருக்கிறார்கள். உள்ளே தண்ணீர் உயரத்தில், வெளியே கடல் பள்ளத்தில் என்று ஆனதும் டர்பைன் வழியாகத் திறந்துவிடுகிறார்கள். நாலைந்து மணி நேரம் ஓடும். பிறகு மட்டம் சமமாகிவிடும், நிறுத்த வேண்டியதுதான். கடல் ஏறும்போதும் எந்திரத்தை ஓட்டலாம்; ரான்ஸில் உள்ள டர்பைன்கள் இரண்டு திசையிலும் சுழலக்கூடியவை.

நம் காவிரிக் கதவணைக்கும் இதற்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. மேட்டூரைத் திறக்காவிட்டால் ஊராட்சிக்கோட்டை எந்திரங்கள் சும்மா நிற்கும். கடலுக்கு வறட்சியும் கிடையாது, கர்நாடகமும் கிடையாது. அடுத்த வருடம் தை அமாவாசைக்கு எத்தனை மணி எத்தனை நிமிடத்துக்கு ஏற்றம் உச்சியில் இருக்கும் என்று இன்றைக்கே எழுதிவைக்கலாம். காற்றாலைக்காரரால் நாளை மறுநாளைக்கே அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது. ஓத மின்சாரத்தின் உண்மையான பலம் இதுதான், அதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது.

இனி கணக்கு. ஒரு சதுர கிலோமீட்டர், அதாவது சுமார் 247 ஏக்கர் பரப்பில் கடல் தண்ணீரைத் தேக்குவதாக வைத்துக்கொள்வோம். கடல் 1 மீட்டர் ஏறி இறங்குகிறது. தேங்கிய தண்ணீர் சுமார் பத்து லட்சம் டன். கேட்க மலைப்பாக இருக்கிறது. ஆனால் அந்தத் தண்ணீர் முழுவதும் ஒரு மீட்டர் விழுவதில்லை. மேலே இருப்பது ஒரு மீட்டர் விழுகிறது, அடியில் இருப்பது விழுவதே இல்லை. சராசரி அரை மீட்டர். அதிலிருந்து கிடைக்கும் ஆற்றல், எந்திரத்தில் துளியும் வீணாகவில்லை என்றே வைத்தாலும், ஓர் ஏற்றத்துக்கு 1,400 யூனிட். ஒரு வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் என்று வைத்தால், பதினான்கு வீட்டுக் கணக்கு.

உயரம் 8 மீட்டராக இருந்தால்? எட்டு மடங்கு கிடைக்கும் என்று தோன்றும். கிடைப்பது 64 மடங்கு. தேங்கும் தண்ணீரும் எட்டு மடங்கு, விழும் உயரமும் எட்டு மடங்கு. இரண்டையும் பெருக்க வேண்டும். 1,400 யூனிட் சுமார் 90,000 யூனிட் ஆகிவிடும். கட்ட வேண்டிய அணையின் நீளம் அதேதான். உயரம் கூடும், செலவும் கூடும், ஆனால் 64 மடங்கு கூடாது. ஓத மின்சாரம் எங்கே கட்டுப்படியாகும், எங்கே ஆகாது என்பது இந்தப் பெருக்கலிலேயே ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. மற்றதெல்லாம் இதற்கு அடுத்தபடிதான்.

தமிழ்நாட்டுக் கரையில் ஓதத்தின் உயரம் ஒரு மீட்டரை ஒட்டித்தான். சென்னையில் அமாவாசை, பௌர்ணமிக்கே ஏறத்தாழ அவ்வளவுதான். மற்ற நாட்களில் அதிலும் குறைவு. ரான்ஸில் சராசரி 8 மீட்டர், உச்சம் 13 மீட்டருக்கு மேல். கனடாவின் ஃபண்டி வளைகுடாவில் 16 மீட்டர் வரை போகும். ஐந்து மாடிக் கட்டட உயரம்.

ஒரே நிலாதானே இழுக்கிறது, ஏன் இவ்வளவு வித்தியாசம்? கடற்கரையின் வடிவம்தான் காரணம். நடுக்கடலில் ஓதம் ஒரு மீட்டருக்கும் குறைவு. அந்த நீர் வாய் அகன்று உள்ளே போகப்போகக் குறுகும் வளைகுடாவுக்குள் நுழைந்தால், ஒதுங்க இடமில்லாமல் மேலே ஏறும். அதோடு, ஒவ்வொரு வளைகுடாவிலும் தண்ணீர் முன்னும் பின்னும் ஆடித் திரும்ப ஒரு நேரம் உண்டு. அது ஓதத்தின் 12 மணிச் சொச்சத்துக்கு நெருக்கமாக அமைந்துவிட்டால் ஒவ்வொரு தள்ளலும் முந்தையதோடு சேர்ந்துகொள்ளும். ஃபண்டியில் நடப்பது அதுதான். சென்னை முதல் நாகப்பட்டினம் வரை நம் கரை திறந்த வெளியாக நீண்டு கிடக்கிறது. தண்ணீரைக் குவித்துக் கொடுக்கும் நீண்ட வளைகுடா எதுவும் இல்லை.

அந்த ஒரு மீட்டரையும் விட மனமில்லாதவர்களுக்கு இன்னொரு கணக்கு. அதே 247 ஏக்கரில் சோலார் பலகை போட்டால், மெகாவாட்டுக்கு ஐந்து ஏக்கர் என்று வைத்தாலும் சுமார் 50 மெகாவாட் அமைக்கலாம். வெயில் உள்ள நாளில் இரண்டு லட்சம் யூனிட் வரும். நம் கடலோரக் கதவணை இரண்டு ஏற்றத்துக்கும் சேர்த்து, எந்த இழப்பும் இல்லாமல், 2,800 யூனிட். அதற்காகக் கடலில் கிலோமீட்டர் கணக்கில் கான்கிரீட் சுவர் எழுப்ப வேண்டும். பேச்சுக்கு இடமே இல்லை.

சரி, உயரம் இருக்கும் நாடுகளிலாவது வரிசையாகக் கட்டியிருக்க வேண்டுமே? அதுவும் இல்லை. ரான்ஸுக்குப் பிறகு அதைவிடப் பெரியது வர 45 ஆண்டுகள் ஆயின. 2011-இல் தென்கொரியா சிஹ்வா ஏரியில் 254 மெகாவாட் நிலையத்தைத் திறந்தது. கனடா 1984-இல் அன்னபொலிஸில் 20 மெகாவாட்டில் ஒன்று கட்டி, 2019-இல் மூடிவிட்டது. டர்பைனில் மீன்கள் அடிபட்டுச் சாவது அங்கே பெரிய பிரச்சினையாக இருந்தது. பிரிட்டனின் செவர்ன் முகத்துவாரத்தில் ஓதம் 14 மீட்டர் வரை ஏறும். அங்கே அணை கட்டும் யோசனை எத்தனையோ முறை வந்து எத்தனையோ முறை கைவிடப்பட்டது. அதே பகுதியில் ஸ்வான்சீயில் 320 மெகாவாட் திட்டத்துக்கு அரசு 2018-இல் பணம் தர மறுத்துவிட்டது, செலவைக் காரணம் காட்டி.

சிஹ்வாவின் கதையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தென்கொரியர்கள் மின்சாரத்துக்காக அந்த அணையைக் கட்டவில்லை. பாசன நீருக்காகக் கடலை மறித்து 1994-இல் நீண்ட சுவர் எழுப்பினார்கள். உள்ளே தேங்கிய தண்ணீரில் தொழிற்சாலைக் கழிவு சேர்ந்து ஏரி நாறிப்போனது. நொய்யலையும் ஒரத்துப்பாளையம் அணையையும் கண்ட நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பிறகு ஒரே வழியாக, கடல் தண்ணீரை மறுபடி உள்ளே விட்டு ஏரியைக் கழுவ முடிவு செய்தார்கள். எப்படியும் தினமும் தண்ணீர் வந்து போகப்போகிறது, சுவரும் ஏற்கெனவே இருக்கிறது, டர்பைனை வைத்தார்கள். பெருஞ்செலவான சுவருக்கு மின்சாரம் தனியாக விலை கொடுக்க வேண்டியிருக்கவில்லை. ரான்ஸ் அணையின்மீதும் இரு கரைகளை இணைக்கும் சாலை போகிறது. என் பார்வையில், ஓத மின்நிலையம் நடைமுறையில் நிற்க வேண்டுமானால் உயரத்துக்கு அடுத்து வேண்டியது இதுதான்: அந்த அணைக்கு இன்னொரு வேலையும் இருக்க வேண்டும்.

இன்னொரு சிக்கல், நேரம். 240 மெகாவாட் என்று பெயர் இருந்தாலும் ரான்ஸ் ஆண்டுக்குத் தருவது சுமார் 50 கோடி யூனிட். முழுத் திறனில் ஆண்டு முழுக்க ஓடினால் வரக்கூடியதில் கால்வாசி. அது வரும் நேரமும் நாளுக்கு 50 நிமிடம் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும். இந்த வாரம் மாலை ஆறு மணிக்குக் கரண்ட் கொட்டினால் அடுத்த வாரம் அதே மாலை ஆறு மணிக்கு எந்திரம் நின்றிருக்கும். தறி ஓட்டுகிறவருக்கு நிலாவின் நேரம் ஒத்துவராது.

இந்தியாவில் வாய்ப்புள்ள இடங்கள் மூன்று. கம்பாத் வளைகுடாவில் உச்சம் 11 மீட்டர், சராசரி ஏறத்தாழ ஆறே முக்கால். கட்ச் வளைகுடாவில் உச்சம் 8, சராசரி ஐந்தே கால். மேற்கு வங்கத்தின் சுந்தரவனத்தில் சராசரி மூன்று மீட்டர். கம்பாத்தின் ஏற்றம் எவ்வளவு பெரிது என்று அறிய ஆலங் கப்பல் உடைக்கும் கரையைப் பார்த்தால் போதும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றம் உச்சியில் இருக்கும்போது பழைய கப்பலை நேராகக் கரைமேல் ஓட்டி ஏற்றிவிடுவார்கள். தண்ணீர் வடிந்ததும் மாடிக் கட்டடம் போன்ற கப்பல் சேற்றில் தனியாக நிற்கும். தொழிலாளர்கள் நடந்தே போய் உடைப்பார்கள்.

அங்கேயும் மின்நிலையம் எழவில்லை. சுந்தரவனத்தின் துர்காதுவானி ஓடையில் 3.75 மெகாவாட்டுக்கு மதிப்பீடு போட்டபோது 238 கோடி ரூபாய் வந்தது. மெகாவாட்டுக்கு 63 கோடிக்கு மேல்! கட்ச்சில் 2011-இல் பேசப்பட்ட 50 மெகாவாட் திட்டத்துக்கு 750 கோடி, மெகாவாட்டுக்கு 15 கோடி. இரண்டும் கைவிடப்பட்டன. இன்று சோலார் மெகாவாட்டுக்கு நாலைந்து கோடியில் முடிகிறது. கம்பாத்தில் வண்டலும் ஒரு தலைவலி. நர்மதை, தபதி, மாகி, சபர்மதி எல்லாம் மண்ணைக் கொண்டுவந்து கொட்டுவது அந்த வளைகுடாவில்தான், தேக்கம் தூர்ந்துபோகும்.

அணையே கட்டாமல் எடுக்கும் வழி ஒன்று உண்டு. ஓதம் ஏறும்போதும் இறங்கும்போதும் குறுகலான நீரிணைகளில் தண்ணீர் ஆறுபோல ஓடும். அந்த ஓட்டத்துக்குள் காற்றாலையை முக்கி வைப்பது. உடுமலை, தாராபுரம் பக்கம் காற்றாலைகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதன் கணக்கு சட்டென்று பிடிபடும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் கரண்ட் எட்டு மடங்கு. தண்ணீருக்கும் அதே விதி. ஆனால் தண்ணீர் காற்றைப் போல 800 மடங்கு அடர்த்தி. நொடிக்கு இரண்டரை மீட்டர் ஓடும் கடல் நீரில் ஒரு சதுர மீட்டருக்கு 8 கிலோவாட் ஆற்றல் இருக்கிறது. நொடிக்கு 10 மீட்டர் வீசும் நல்ல ஆடிக் காற்றில் அது 600 வாட்தான். ஸ்காட்லாந்தின் பென்ட்லண்ட் நீரிணையில் மெய்ஜென் திட்டம் இப்படி 1.5 மெகாவாட் எந்திரங்கள் நான்கைக் கடலடியில் நிறுத்தியிருக்கிறது. ஆர்க்னி தீவுகளில் 2021-இல் மிதக்கும் 2 மெகாவாட் எந்திரம் ஒன்று வேலையைத் தொடங்கியது. எதிர்காலம் இருப்பதாக நான் நம்புவது இந்த வழியில்தான், ஏனென்றால் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டு போகலாம், முகத்துவாரத்தை மூட வேண்டியதில்லை. ஆனால் நீரோட்டம் நொடிக்கு அரை மீட்டர்தான் என்றால் சதுர மீட்டருக்கு 64 வாட். வேகம் ஐந்தில் ஒன்று, ஆற்றல் 125-இல் ஒன்று. ஓதம் சிறிதாக உள்ள திறந்த கரையில் ஓட்டமும் சிறிதுதான்.

கடலில் எந்திரத்தைப் போட்டுவிட்டால் பராமரிப்பு என்ன பாடு என்பதை நம் ஊர் மோட்டார் மெக்கானிக்குகள் ஒரு நொடியில் புரிந்துகொள்வார்கள். உப்புத் தண்ணீர் போர்வெல்லில் இரண்டு வருடம் கிடந்த சப்மெர்சிபிள் மோட்டாரை ஏற்றிப் பாருங்கள். இம்பெல்லர் முழுக்க வெள்ளையாகப் படிந்து, சீல் தேய்ந்து, போல்ட் துருவேறிக் கழற்ற வராது. அது ஒரு நாள் வேலை, லாரியும் ஆட்களும் போதும். கடலுக்கடியில் இருக்கும் டர்பைனுக்குக் கொட்டலசும் (ஓட்டோடு ஒட்டி வளரும் சிறு கடலுயிர்) பாசியும் சேர்ந்துகொள்ளும். தூக்குவதற்குத் தனிக் கப்பல் வேண்டும், அதுவும் ஓதம் நின்று திரும்பும் சிறு இடைவெளியில்தான் தொட முடியும். ஸ்காட்லாந்தில் செலவு ஏறுவதில் இதற்கும் பங்கு உண்டு.

ரான்ஸில் இன்னொரு விலையும் கொடுத்தார்கள். அணை கட்டுவதற்காக முகத்துவாரத்தைச் சுமார் மூன்று வருடம் கடலிலிருந்து அடைத்து வைத்தார்கள். உப்பும் ஓதமும் நின்றதால் உள்ளே இருந்த உயிரினங்கள் பெருமளவு அழிந்தன. பிறகு மெல்ல ஒரு புதுச் சமநிலை வந்தது, பழையது வரவில்லை. மறுபுறம், அரை நூற்றாண்டைத் தாண்டியும் அந்த நிலையம் ஓடுகிறது. கட்டிய கடன் எப்போதோ தீர்ந்துவிட்டது. இவ்வளவு காலம் உழைக்கும் சோலார் பலகையோ காற்றாலையோ கிடையாது. ஆனால் இருபது முப்பது ஆண்டு பொறுத்திருக்கும் முதலீட்டாளர் எங்கே இருக்கிறார்? அரசு மட்டும்தான்.

ஆக, கொங்கு நாட்டில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியைக் கேட்டால் பதில் மேற்கே பார்க்கச் சொல்கிறது. நமக்கு வாய்த்திருப்பது உயரமும் காற்றும். பைக்காராவில் ஏறத்தாழ 3,000 அடி உயரத்திலிருந்து விழுந்த தண்ணீர் 1932-இல் தந்த மின்சாரத்தில்தான் கோவை மில்கள் பெருகின. கடலில் ஒரு மீட்டருக்கு அலைவதைவிட அது எவ்வளவு மேல் என்று மேலே போட்ட கணக்கே சொல்லும். பாலக்காட்டுக் கணவாயில் வைகாசி முதல் புரட்டாசி வரை வீசும் காற்றை மில்காரர்கள் ஏற்கெனவே கரண்டாக்கிக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் காற்றுக்கு இருக்கும் குறை, வேண்டாத நேரத்தில் வருவதும் வேண்டிய நேரத்தில் ஓய்வதும்.

அதற்கும் வழி நம் மலையிலேயே இருக்கிறது. ஆழியாறுக்கு மேலே காடம்பாறையில் 1987 முதல் ஒரு நிலையம் ஓடுகிறது. 100 மெகாவாட்டில் நான்கு எந்திரங்கள், குகைக்குள். கரண்ட் மிஞ்சும் நேரத்தில் எந்திரம் பம்பாக மாறி மேல் ஆழியாறு அணையிலிருந்து தண்ணீரைக் காடம்பாறை அணைக்கு ஏற்றும். தேவைப்படும் மாலை நேரத்தில் அதே தண்ணீரை இறக்கி 400 மெகாவாட் எடுக்கும். கொடுத்த கரண்டில் கால்வாசி போலப் போய்விடும், மீதி திரும்பி வரும். தண்ணீர் ஏறி இறங்குவதில் மின்சாரம் என்பது இங்கேயும் உண்டு; ஏற்றுகிற நேரத்தை நிலா குறிக்காமல் நாம் குறிக்கிறோம். நீலகிரியில் குந்தாவில் இதே வகையில் 125 மெகாவாட் எந்திரங்கள் நான்கோடு 500 மெகாவாட் திட்டத்தை எடுத்திருக்கிறார்கள். கடல் மின்சாரத்தைப் பற்றிக் கேட்பவரிடம் நான் காடம்பாறையைப் பற்றிப் பேசத் தொடங்குவது அதனால்தான்.